வயலும் சன்னலும் திரையும்: பெண் கவிதையிலும் குறும்படங்களிலும் சிறுமிப் பருவமும் அடையாளமும் – காவிரிப் படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய மரபு பெண்ணின் இளமையை வயதாலும் பிறர் பார்வையாலும் அளந்தது. உலா இலக்கியத்தின் ஏழு பருவங்களும் பெண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் இந்த அளவையின் இரு வடிவங்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் எழுதிய தமிழ்ப் பெண் கவிஞர்களும், தமிழ்ப் பெண்களின் வாழ்வைப் படமாக்கிய பெண் இயக்குநர்களும் இந்த அளவுகோலை மாற்றியுள்ளனர். அவர்களது படைப்புகளில் சிறுமி பார்க்கப்படுபவளாக அன்றிப் பார்ப்பவளாக நிற்கிறாள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இளம்பிறை, சுகிர்தராணி, சல்மா ஆகியோரின் கவிதைகளும், லீனா மணிமேகலை, உமா சக்கரவர்த்தி, கிம் லாங்கினோட்டோ ஆகியோரின் படங்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கவிதை, குறும்பட மரபு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தப்படுகிறது. காவிரிப் படுகையின் நெல் வயல்களில் வளர்ந்த உழைப்புக் குடும்பச் சிறுமியின் பதிவு எங்கே இருக்கிறது என்னும் வினா கட்டுரை முழுவதும் தொடர்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுமிப் பருவம், அடையாளம், பெண் கவிதை, தலித் பெண்ணியம், ஆவணப்படம், காவிரிப் படுகை, கறுப்பினப் பெண் படைப்பாளிகள்

முன்னுரை

சிறுமி என்னும் சொல் வயதை மட்டும் குறிப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு பெண் குழந்தை எவ்வளவு காலம் சிறுமியாக இருக்க அனுமதிக்கப்படுகிறாள் என்பது அவள் பிறந்த தெருவையும் குடும்பத்தின் தொழிலையும் பொறுத்து மாறுகிறது. ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் பாடம் படிக்கிறாள். அடுத்த தெருவில் அதே வயதுப் பெண் வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியை ஆட்டியபடி, வயலில் நடவு நடும் தாயின் குரலுக்குக் காதுகொடுத்திருக்கிறாள். இவ்விருவரையும் ஒரே பருவப் பெயரால் அழைக்கும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது.

இதே சிக்கலைக் கறுப்பினப் பெண் படைப்பாளிகள் அமெரிக்காவில் எதிர்கொண்டனர். வெள்ளைச் சிறுமியை மனத்தில் கொண்டு உருவான குழந்தைப் பருவம் என்னும் கருத்து, தங்கள் இளமையை விளக்கவில்லை என்று அவர்கள் கண்டனர். அதனால் கவிதையையும் குறைந்த செலவில் எடுக்கத்தக்க குறும்படத்தையும் கருவிகளாகக் கொண்டனர். தமிழிலும் இவ்விரு வடிவங்களே முன்னிற்பது தற்செயலானதன்று. பெரும் பதிப்பகமோ பெரும் படநிறுவனமோ தேவைப்படாத வடிவங்கள் இவை. இந்த ஒற்றுமை எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1. மரபில் சிறுமி: அளக்கப்படும் பருவம்

பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுக்கின்றன. பேதைக்கு 5 முதல் 7 வரை, பெதும்பைக்கு 8 முதல் 11 வரை, மங்கைக்கு 12, 13 எனப் பரவலாக அறியப்பட்ட வயது வரையறை உண்டு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகளும் உள்ளன. சோழ நாட்டுக்கே உரிய சிறந்த எடுத்துக்காட்டு ஒட்டக்கூத்தரின் மூவருலா. 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகியோர்மீது பாடப்பட்ட இவ்வுலாக்களில் மன்னன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவப் பெண்களும் அவனைக் காண்கின்றனர். பேதைப் பருவத்தாள் காதல் இன்னதென்று அறியாதவளாகக் காட்டப்படுகிறாள். அவளுக்குப் பின்வரும் பருவங்களில் காதல் படிப்படியாக மிகுகிறது. எனவே பேதையின் இளமைக்குத் தனி மதிப்பு இல்லை. அது காதல் இன்னும் தொடங்காத நிலை என்னும் குறைவாகவே வரையறுக்கப்படுகிறது. ஏழு பெண்களும் மன்னனைப் பார்க்கின்றனர் என்றாலும், அவர்களது பார்வை மன்னனின் பெருமையைச் சொல்வதற்காகவே அமைந்தது.

பிள்ளைத்தமிழ் இதனினும் கனிவானது. பெண்பால் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான அம்மானை, நீராடல், ஊசல் ஆகியன சிறுமியின் விளையாட்டை மையமாகக் கொண்டவை. தருமபுரம் ஆதீனத்தோடு தொடர்புடைய குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இவ்வகையின் உயர்ந்த சான்று. ஆயினும் அங்குச் சிறுமியாக இருப்பவள் தெய்வம். ஆண்பால் பிள்ளைத்தமிழில் மானிடச் சிறுமியர் வருமிடம் சிற்றில் பருவம். அங்கே அவர்கள் தாம் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனிடம் வேண்டுகின்றனர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழி ஒன்றே அந்த வேண்டுதலைப் பெண்ணின் சொந்தக் குரலாக நமக்குத் தருகிறது. பின்வந்த பெண் கவிஞர்கள் ஆண்டாளை மீண்டும் மீண்டும் நினைவுகூர்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கல்வெட்டுச் சான்று ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதை 1014ஆம் ஆண்டையொட்டிய கல்வெட்டு கூறுகிறது. ஒவ்வொருவரின் பெயரும் வந்த ஊரும் குடியிருந்த மனையும் குறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது பங்கு. உழைக்கும் பெண்களின் பெயர்களை இவ்வளவு விரிவாகப் பதித்த ஆவணம் அரிது. ஆனால் அவர்கள் எந்த வயதில், யாருடைய விருப்பத்தில் வந்தனர் என்பதற்குக் கல்லில் இடமில்லை. அவர்களுக்கு அளந்த நெல்லை விளைவித்தவர்களின் வீட்டுச் சிறுமியர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

2. கறுப்பினப் பெண்கள்: பெயரும் நிறமும்

குவெண்டலின் புரூக்ஸ் சிக்காகோ நகரின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களைத் தம் கவிதைகளில் எழுதியவர். 1945இல் வெளிவந்த அவரது முதல் தொகுதி அப்பகுதியின் ஒரு தெருவைத் தலைப்பாகக் கொண்டது. 1949இல் வெளிவந்த ‘ஆனி ஆலன்’ ஒரு கறுப்பினப் பெண் சிறுமியாக இருந்து மகளிர் பருவத்தை எட்டுவதைத் தொடர் கவிதைகளாகச் சொல்கிறது. இந்நூலுக்காக 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற புரூக்ஸ், அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் படைப்பாளி. 1956இல் அவர் சிறுவர்களுக்காக எழுதிய நூலில் கவிதைகள் பலவும் ஒவ்வொரு குழந்தையின் பெயரைத் தலைப்பாகக் கொண்டுள்ளன. பெயரிட்டு அழைப்பதே அங்குக் கவிதையின் முதற்பணி.

நிடோசாக்கே ஷாங்கே 1976இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குக் கொண்டுவந்த நடனக் கவிதை நாடகம் வேறு வழியில் செல்கிறது. அதில் வரும் ஏழு பெண்களுக்கும் பெயரில்லை. அவர்கள் அணியும் உடையின் நிறத்தாலேயே அழைக்கப்படுகின்றனர். தமிழ் உலாவின் ஏழு பெண்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். உலாவில் எழுவரும் ஒரே ஆடவனை நோக்குகின்றனர். ஷாங்கேயின் எழுவரும் ஒருவரையொருவர் நோக்கித் தம் இளமைக் கதையைப் பகிர்கின்றனர். இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் பெண்களின் பார்வை எத்திசையில் திரும்புகிறது என்பதைக் கற்பிக்க இவ்வொப்பீடு வகுப்பறையில் பயன்படும்.

குறும்படத்தில் இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களுள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பின மாணவியர் முதன்மையானவர்கள். ஜூலி டேஷ், அலைல் ஷாரன் லார்க்கின், பார்பரா மெக்கலாஃப் ஆகியோர் 1970களில் அங்குப் படமெடுத்தனர். லார்க்கினின் ‘யுவர் சில்ட்ரன் கம் பேக் டு யூ’ (1979) டோவி என்னும் சிறுமியைப் பற்றியது. வறுமையில் வளர்க்கும் தாய்க்கும், வசதியோடு ஐரோப்பிய வாழ்க்கை முறையைப் போற்றும் அத்தைக்கும் இடையில் அவள் நிற்கிறாள். இரு பெரியவர்களுள் எவர் உலகம் தன்னுடையது என்பதைச் சிறுமியின் நிலையிலிருந்தே படம் கேட்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த அயோகா சென்சிராவின் ‘ஹேர் பீஸ்’ (1984) ஏறத்தாழ பத்து நிமிட அசைவூட்டப் படம். சுருண்ட முடியை நேராக்கச் சொல்லும் சமூகத்தை அது நகைச்சுவையோடு விமர்சிக்கிறது. சிறுமியின் தலைமுடியில் தொடங்கும் வெட்கமே அடையாளத்தின் முதற்பாடம் என்பதை அப்படம் உணர்த்துகிறது.

3. ஒப்பீட்டின் எல்லை: தோலும் தெருவும்

கறுப்பின விடுதலை இயக்கத்தோடு இந்தியச் சாதி எதிர்ப்பு மரபுக்கு நெடிய உறவு உண்டு. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பின்பற்றியது. எனவே இவ்விரு மரபுகளையும் சேர்த்துப் படிப்பது வெளியிலிருந்து திணிக்கப்பட்ட முறையன்று.

ஆனால் அடையாளம் எதில் எழுதப்பட்டுள்ளது என்பதில் இரண்டும் பிரிகின்றன. அமெரிக்காவில் அது தோலிலும் முடியிலும் எழுதப்பட்டது. சிறுமி எங்குச் சென்றாலும் அதை மறைக்க இயலாது. காவிரிப் படுகையில் அது இடத்தில் எழுதப்பட்டது. ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட தஞ்சைக் கிராம ஆய்வு அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்னும் முப்பிரிவை விளக்குகிறது. 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டச் சிற்றூர்களில் களப்பணி செய்த கேத்லின் கஃப் அதே அமைப்பை நில உடைமையோடு இணைத்துக் காட்டினார். எந்தத் துறையில் குளிக்கலாம், எந்த வழியில் நடக்கலாம், எந்தக் குளத்தில் நீர் மொள்ளலாம் என்பனவே சிறுமி கற்ற முதல் அரிச்சுவடி.

இவ்வேறுபாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. இடத்தில் எழுதப்பட்ட அடையாளத்தை, இடம் பெயர்ந்த சிறுமி மறைக்க முயலலாம். பள்ளிக்கூடம் அத்தகைய இடம். அங்கே தெருவின் பெயரையும் தந்தையின் தொழிலையும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆகவே தலித் சிறுமியின் அடையாளச் சிக்கல் பெரும்பாலும் மறைத்தல், வெளிப்படுதல் என்னும் வடிவத்தைப் பெறுகிறது. கறுப்பினச் சிறுமியின் முடியைப் பற்றிய படத்தைத் தமிழில் அப்படியே பெயர்த்து விளக்கினால் இந்தக் கூறு தவறிவிடும்.

4. பள்ளிக்குச் செல்லும் வழி: சுகிர்தராணி

இராணிப்பேட்டைப் பகுதியின் லாலாப்பேட்டையில் 1973இல் பிறந்த சுகிர்தராணி தமிழாசிரியராகப் பணியாற்றுபவர். ‘கைப்பற்றி என் கனவு கேள்’ (2002), ‘இரவு மிருகம்’ (2004) முதலிய தொகுதிகள் அவருடையவை. பள்ளிப் பருவத்தை நினைவுகூரும் அவரது பரவலாக அறியப்பட்ட கவிதை ஒன்று மேற்கூறிய மறைத்தலையே பொருளாகக் கொண்டது. இறந்த மாட்டின் தோலை உரிக்கும் தந்தை, பறை முழக்கும் தந்தை. அவரைத் தெருவில் கண்டு முகம் திருப்பும் மகள். வகுப்பில் தோழியரின்றித் தனித்திருக்கும் சிறுமி. இறுதியில் வளர்ந்த பெண், யாரேனும் கேட்டால் தன் சாதியைத் தானே ஒளிவின்றிச் சொல்கிறாள்.

இக்கவிதை சினத்தின் வெளிப்பாடாக மட்டும் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. அதன் கட்டமைப்பு இதனினும் நுட்பமானது. கவிதையின் பெரும்பகுதி சிறுமி சொன்ன பொய்களின் பட்டியல். தந்தையை மறுத்த குற்ற உணர்வு இறுதிவரை நீங்கவில்லை. வெளிப்படுதல் என்பது சமூகத்தை நோக்கிய அறைகூவலாக இருப்பதோடு, தந்தையிடம் தாமதமாகக் கேட்கப்படும் மன்னிப்பாகவும் அமைகிறது. அளக்கும் பார்வையைச் சிறுமி தன்மேல் ஏற்றுக்கொண்டிருந்தாள்; வளர்ந்தவள் அதைத் திருப்பித் தருகிறாள்.

5. வயல்: இளம்பிறை

கீழத்தஞ்சையின் சாட்டியக்குடி, கருவூர்த்தேவர் திருவிசைப்பாப் பாடிய தலம். ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற அவ்வூரிலிருந்து வந்தவர் கவிஞர் இளம்பிறை. வேளாண் கூலிக் குடும்பத்தில் பிறந்து ஆசிரியரானவர். வயல், மழை, ஆடுமாடு, தாயின் உழைப்பு, சிற்றூர்ப் பெண்களின் பேச்சு ஆகியன அவரது கவிதைகளின் பொருள். காவிரிப் படுகையின் நெல் வயலை உள்ளிருந்து, பெண் நிலையில் எழுதியவர் என்பதால் அவர் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவர்.

அவருடைய இரு தொகுதிகளின் தலைப்புகளே ஆராயத்தக்கவை. ஒன்று ‘முதல் மனுசி’. சிறுமி பூப்பெய்தியதைப் ‘பெரிய மனுசி ஆனாள்’ என்று சொல்வது தமிழ்ப் பேச்சு வழக்கு. அவ்வழக்கில் மனுசி என்னும் தகுதி உடலின் மாற்றத்தால் மட்டுமே ஒரு பெண்ணுக்கு வருகிறது. அதுவரை அவள் யார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. இளம்பிறை ‘பெரிய’ என்பதை நீக்கி ‘முதல்’ என்பதை வைக்கிறார். மற்றொன்று ‘நீ எழுத மறுக்கும் எனது அழகு’. உழைக்கும் பெண்ணின் அழகு இருந்தும் எழுதப்படவில்லை என்பதையும், எழுதாதது மறப்பால் அன்று மறுப்பால் என்பதையும் இத்தலைப்பு முன்வைக்கிறது. முன்னிலையில் விளிக்கப்படும் ‘நீ’ ஒரு காதலனாகவும் இருக்கலாம். பெண்ணை ஏழாக வகுத்த இலக்கிய மரபாகவும் இருக்கலாம்.

படுகையின் வேளாண் ஆண்டு சிறுமியின் ஆண்டையும் வகுத்தது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் சூன் 12. அதன்பின் குறுவை, சம்பா, தாளடி என நடவும் களையும் அறுப்பும் வந்தன. பெரியவர்கள் நாற்றுப் பறிக்கும்போது முடிச்சு தூக்கிக் கொடுப்பதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும், அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குவதும் சிறுமியின் பங்கு. நடவுப் பாட்டைக் கேட்டும் உடன் பாடியும் அவள் கற்றாள். பேதை, பெதும்பை என்னும் பகுப்புக்கு இங்கே பொருளில்லை. நாற்று முடிச்சைத் தூக்கும் வலு வந்தாளா, நடவுக் கூட்டத்தில் அரைக்கூலிக்குச் சேர்த்துக்கொள்ளத் தக்கவளா என்பனவே பருவ எல்லைகள். இளம்பிறையின் கவிதையுலகை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கும்போது, அவர் இயற்கையைப் பாடும் கவிஞர் என்னும் பொது மதிப்பீடு போதாமை விளங்கும். அவர் எழுதும் வயல் காட்சிப்பொருளன்று, வேலை நடக்குமிடம்.

6. சன்னல்: சல்மா

படுகையை அடுத்துள்ள திருச்சி மாவட்டத்தின் துவரங்குறிச்சி வறண்ட நிலம். அங்குப் பிறந்த சல்மாவின் இளமை வயலுக்கு நேர் எதிரானது. பூப்புக்குப் பின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு அவர் வீட்டுக்குள் வைக்கப்பட்டார். ஒரு சிறு சன்னலே வெளியுலகைக் காணும் வழி. திருமணத்திற்குப் பின்னரும் மறைவாகவே எழுத வேண்டியிருந்தது. கவிதைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய தாய். முதல் தொகுதி ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வெளிவந்தது.

பிரித்தானிய இயக்குநர் கிம் லாங்கினோட்டோ எடுத்த ‘சல்மா’ (2013) ஆவணப்படம் அந்த வீட்டுக்கே அவரை மீண்டும் அழைத்துச் செல்கிறது. படம் அவரைச் சிறைப்பட்டவராக மட்டும் காட்டவில்லை. அடைத்துவைத்தவர்களும் அன்பு காட்டியவர்களும் ஒரே மனிதர்கள் என்பதை, உறவினரின் பேச்சிலிருந்தே பார்வையாளர் உணர்கின்றனர். கவிதைகளைக் கடத்திச் சென்ற தாயே மகளின் படிப்பு நின்ற குடும்பத்திலும் உறுப்பினர். இந்த முரணைத் தீர்க்காமல் விட்டிருப்பது படத்தின் வலிமை.

வயலும் சன்னலும் ஒன்றையொன்று திருத்துகின்றன. பெண் விடுதலை என்பது வீட்டைவிட்டு வெளியேறுதல் என்று சன்னலிலிருந்து பார்ப்பவள் நினைக்கலாம். வயலில் வளர்ந்தவள் என்றும் வெளியிலேயே இருந்தவள். அவளுக்கு மறுக்கப்பட்டது நிழலும் ஓய்வும் படிப்பும். தமிழ்ச் சிறுமிப் பருவம் என ஒருமையில் பேச இயலாமைக்கு இது போதிய சான்று.

7. திரை: மாத்தம்மாவும் மாடத்தியும்

லீனா மணிமேகலை கவிஞராகவும் இயக்குநராகவும் ஒருசேர இயங்குபவர். அவரது தொடக்ககால ஆவணக் குறும்படமான ‘மாத்தம்மா’, அரக்கோணம் பகுதியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் குழந்தைகள் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்படும் வழக்கத்தைப் பற்றியது. நோயுற்ற குழந்தை பிழைத்தால் தெய்வத்துக்கு எனப் பெற்றோர் நேர்கின்றனர். அந்த நேர்த்திக்கடன் குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் கட்டுகிறது. தன்னைப் பற்றிய முடிவு, தான் பேசத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டுவிட்ட சிறுமியின் நிலையை இப்படம் காட்டுகிறது.

காவிரிப் படுகைக்கு இது அந்நியமான செய்தியன்று. பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர். அவரது ‘தாசிகள் மோசவலை’ 1936இல் வெளிவந்தது. சாதியும் சடங்கும் வேறானவை. ஆனால் குழந்தையின் உடலைக் குழந்தையைக் கேளாமல் தெய்வத்தின் பெயரால் ஒப்படைத்தல் இரண்டுக்கும் பொது. இராமாமிர்தம் அம்மையாரின் நாவலையும் லீனாவின் குறும்படத்தையும் ஒரே பாடமாக வைத்தால் மாணவர் இத்தொடர்ச்சியை எளிதில் காண்பர்.

2019இல் பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட லீனாவின் ‘மாடத்தி’ முழுநீளக் கதைப்படம். பிற தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் சமூகத்தினர், பிறர் கண்ணில் படவே கூடாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். அச்சமூகத்தின் பதின்வயதுப் பெண் யோசனா. பிறர் வரும் அரவம் கேட்டால் ஒளிந்துகொள்ளத் தாய் அவளுக்குக் கற்பித்திருக்கிறாள். அவளோ மரத்திலும் பாறையிலும் ஆற்றிலும் அச்சமின்றித் திரிந்து, மறைந்திருந்து ஊரைப் பார்க்கிறாள். ஆற்றில் குளிக்கும் இளைஞனையும் பார்க்கிறாள். ஊர்த் திருவிழா இரவில் ஆண்களின் வன்முறைக்கு இரையாகிப் பின் தெய்வமாகிறாள்.

உலாவோடு இப்படத்தை ஒப்பிடலாம். உலாவில் எல்லாருடைய கண்ணிலும் படும் மன்னனைப் பெண்கள் காண்கின்றனர். மாடத்தியில் எவர் கண்ணிலும் படக்கூடாத சிறுமி ஓர் ஆடவனைக் காண்கிறாள். அவளது பார்வையை எவரும் கேட்கவில்லை. அப்பார்வையே அவளது சுதந்திரம். ஆண்டாளுக்குப் பின் தமிழில் இளம்பெண்ணின் விருப்பத்தைக் குற்றமாக்காமல் காட்டிய காட்சிகளுள் இவை வைத்தெண்ணத்தக்கவை.

8. நாட்குறிப்பு உடையவளும் இல்லாதவளும்

உமா சக்கரவர்த்தி வரலாற்றறிஞர். ஆவணப்பட இயக்குநரும் ஆவார். அவரது ‘எ கொயட் லிட்டில் என்ட்ரி’ (2010) சுப்புலட்சுமி என்னும் தமிழ்ப் பெண்ணைப் பற்றியது. 1897இல் பிறந்த அவருக்கு 11 வயதில் திருமணம். 14 வயதில் தாயானார். பள்ளியால் பெறாத கல்வியைத் தாமே தேடிப் படித்தவர். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் தாள்களையும் கொண்டு பேத்தி மைதிலி சிவராமன் 2006இல் வாழ்க்கை வரலாறு எழுதினார். படமும் அந்தத் தாள்களிலிருந்தே பிறந்தது. மைதிலியைப் பற்றியும் உமா சக்கரவர்த்தி பின்னர் ஒரு படம் எடுத்தார்.

காவிரிப் படுகைக்கு இப்படம் வந்து சேரும் வழி மைதிலி சிவராமன்தான். 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மைதிலி அவ்வூருக்குச் சென்று மக்களிடம் கேட்டு எழுதினார். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோதும் ஆங்கில இதழ்களில் அதைக் கடுமையாக விமர்சித்தார்.

ஒரே எழுத்தாளரின் கையில் இரண்டு வகைச் சிறுமியர் வந்து சேர்ந்தனர். ஒருத்தி 11 வயதில் மணம் முடிக்கப்பட்டு, ஆயினும் தாளும் மையும் கிடைத்ததால் தன்னைப் பற்றிய குறிப்பை விட்டுச் சென்ற பாட்டி. மற்றவர்கள் கீழ்வெண்மணியில் இறந்த குழந்தைகள். முன்னவரின் அக உலகத்தை மீட்க முடிந்தது. பின்னவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது இறப்பின் எண்ணிக்கை. அவர்கள் என்ன விளையாடினர், எந்தப் பாட்டைப் பாடினர் என்பதற்குத் தாள் இல்லை. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் உயிர்பிழைத்தோரின் வாய்மொழியை நாடியதற்கும் இதுவே காரணம். எழுத்து இல்லாத இடத்தில் குரலே ஆவணம். இளம்பிறையின் கவிதைகள் பெறும் வரலாற்று மதிப்பும் இங்கேதான் தெளிவாகிறது. அதே மண்ணில், அதே தொழில் செய்த மக்களிடையே, எழுதக் கற்ற ஒரு சிறுமி விட்டுவைத்த பதிவு அது.

9. காப்பகமும் பாடத்திட்டமும்

கறுப்பினப் பெண்களின் குறும்படங்களும் ஒரு காலத்தில் மறைந்துபோகும் நிலையில் இருந்தன. மாணவர் படங்களாதலால் பிரதிகள் சில. வணிகத் திரையரங்குக்கு வந்தவை அரிது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகம் அவற்றைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டு, 2011இல் தொடர் திரையிடலாக நடத்தியபின் அவை பாடத்திட்டங்களுக்குள் வந்தன. ‘ஹேர் பீஸ்’ 2018இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பத்து நிமிடப் படம் ஒன்று நாட்டின் மரபுச் செல்வமாக ஏற்கப்படுவதற்கு 34 ஆண்டுகளும் ஒரு காப்பகமும் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் கவிதைத் தொகுதிக்கு அடுக்கு உண்டு. இருபது நிமிட ஆவணப்படத்திற்குப் பெரும்பாலும் இல்லை. பாடத்திட்டத்தில் இடம்பெற்றவையும் நிலையானவை அல்ல. 2021இல் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகள், மகாசுவேதா தேவியின் சிறுகதையோடு சேர்த்து நீக்கப்பட்டன. மொழிபெயர்ப்பின் வழியே வெளிமாநில வகுப்பறையை எட்டிய தமிழ்த் தலித் பெண் எழுத்து ஒரு குழுவின் முடிவால் வெளியேற முடிந்தது.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை காலமும் எதிராக உள்ளது. இயந்திர நடவும் நேரடி நெல் விதைப்பும் பரவியதால் கைநடவுக் கூட்டங்கள் குறைந்துவருகின்றன. வயலில் சிறுமிப் பருவத்தைக் கழித்து நடவுப் பாட்டு கற்றவர்கள் இன்று முதியவர்கள். நாட்டார் பாடல் தொகுப்புகள் பாட்டின் வரிகளைச் சேர்த்தன. பாடியவர் அதை எந்த வயதில், யாரிடம், என்ன வேலை செய்துகொண்டு கற்றார் என்பதைக் கேட்டுப் பதிவது இப்போது செய்யவேண்டிய பணி.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிக் கிடைக்கும் கருத்துகள் வருமாறு:

1. தமிழ் மரபு சிறுமியை வயதாலும் அவள் காதலுக்கு எவ்வளவு அணிமையில் நிற்கிறாள் என்பதாலும் அளந்தது. தற்காலப் பெண் கவிதையும் படமும் அவளை உழைப்பாலும் அவளது சொந்தப் பார்வையாலும் அறிகின்றன.

2. கறுப்பினப் பெண்களின் படைப்புகளோடு ஒப்பிடுவது பயனுடையது. ஆயின் அங்கு உடலில் எழுதப்பட்ட அடையாளம் இங்கு இடத்தில் எழுதப்பட்டது. எனவே மறைத்தலும் வெளிப்படுதலும் தமிழ்ப் படைப்புகளின் தனிக்கூறு.

3. சுகிர்தராணியின் பள்ளி, இளம்பிறையின் வயல், சல்மாவின் சன்னல், லீனா மணிமேகலையின் கோயிலும் ஆறும் ஆகியன ஒரே சிறுமிப் பருவத்தின் பல காட்சிகள் அல்ல. வெவ்வேறு சிறுமிப் பருவங்கள்.

4. நாட்குறிப்பு எழுத வாய்ப்புப் பெறாத சிறுமியரின் வரலாற்றுக்குக் கவிதையும் ஆவணப்படமும் முதன்மைச் சான்றுகள். அவற்றை இலக்கியத் துறை மட்டுமன்றி வரலாற்றுத் துறையும் பயன்படுத்த வேண்டும்.

5. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் முதிய நடவுப் பெண்களின் இளமை நினைவுகளை ஒலி, ஒளிப்பதிவாக்கும் பணியை மேற்கொள்ளலாம். அக்குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வந்துள்ள மாணவியரே கேள்வி கேட்பவர்களாகவும் படம் எடுப்பவர்களாகவும் இருத்தல் வேண்டும். பாட்டியிடம் பேத்தி கேட்கும் அத்தகைய பதிவுகள் வருங்கால ஆய்வாளருக்குச் சான்றாகும். அம்மாணவியருள் சிலருக்கு முதல் குறும்படமாகவும் அமையக்கூடும்.